வெங்காயத்தாமரையும் நம் கண்மாயும்: கேள்வி பதில்

மதுரைக்கு வடக்கே ஒரு கண்மாயை ஒட்டியுள்ள எங்கள் குடியிருப்பில், தண்ணீரை மூடிக்கிடக்கும் களைகளைப் பற்றி உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளும், பாசனக் கண்மாய்ப் பணிகளில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்களும்.

ஐயா, இதைச் சிலர் ஆகாயத்தாமரை என்கிறார்கள், சிலர் வெங்காயத்தாமரை என்கிறார்கள். எது சரி?

இரண்டும் வேறு வேறு செடிகள். நம் ஊரில் இரண்டையும் ஆகாயத்தாமரை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தண்டில்லாமல், முட்டைக்கோசு விரிந்ததுபோல், தொட்டால் வெல்வெட்டாக இருப்பது ஆகாயத்தாமரை. இலைக்காம்பு வெங்காயம்போல் உப்பி, பளபளக்கும் இலையோடு ஊதாப்பூ பூப்பது வெங்காயத்தாமரை. அந்தப் பூவின் மேலிதழில் மயில்தோகைக் கண்போல ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். அந்த அழகுக்காகத்தான் தென் அமெரிக்காவின் அமேசான் பகுதிச் செடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் கண்மாயில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். சித்த மருந்துக்கென்று யாரேனும் ஆகாயத்தாமரை பறிக்க வந்தால், சாக்கடை கலந்த இந்த நீரில் வளர்ந்ததைக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

ஆடியில் ஓரமாக ஒரு திட்டுதான் இருந்தது. தீபாவளிக்குள் கண்மாயே தெரியவில்லையே, எப்படி?

சத்து மிகுந்த நீரில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது இரட்டிக்கக்கூடியது. ஆடியில் 10 சென்ட் இருந்ததென்றால், அது 20 ஆகி, 40 ஆகி, எட்டாவது இரட்டிப்பில் 2,560 சென்ட் ஆகிவிடும். அதாவது 16 வாரத்தில் 25 ஏக்கருக்கு மேல். பாதிக் கண்மாய் இன்னும் திறந்துதானே கிடக்கிறது என்று நாம் ஆறுதல்படும் நாளில் நமக்கு மிச்சமிருப்பது இரண்டே வாரம். பத்துச் சென்டாக இருந்தபோது நான்கு பேர் இரண்டு நாளில் இழுத்துப் போட்டிருக்கலாம்.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது வேறொன்று. ஆடியில் நம் கண்மாயில் தண்ணீர் ஏது? நான் வேலையில் சேர்ந்த காலத்தில், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பெருகி, சித்திரை வைகாசியில் வற்றி, ஆடியில் மாடு மேயும் தரையாகக் கிடப்பதுதான் கண்மாயின் இயல்பு. அந்த வறட்சியில் மிதக்கும் செடி எதுவும் தப்பாது. இப்போது ஆண்டு முழுவதும் நிற்பது மழைநீர் அல்ல, நம் வீட்டுக் கழிவுநீர். செடிக்கு அதுவே தண்ணீர், அதுவே உரம்.

மருந்து அடித்தால் ஒரே வாரத்தில் கருகிவிடும் என்கிறார்களே?

கருகும், அதன் பிறகு நடப்பதைச் சொல்ல மாட்டார்கள். வேறொரு ஊரில் ஆர்வக்கோளாறில் முழுப் பரப்புக்கும் ஒரே நாளில் அடித்தார்கள். பத்து நாளில் செடி முழுவதும் அழுகி அடியில் படிந்தது. அழுகும்போது நீரிலுள்ள உயிர்வாயுவையெல்லாம் தின்றுவிட்டது. ஒரு விடியற்காலையில் நான் போய்ப் பார்த்தபோது ஜிலேபிக் கெண்டைகள் கரையோரத்தில் வாயைப் பிளந்து நின்றன. வெயில் ஏறுமுன் வெள்ளை வயிறாக மிதந்தன. விரால் மட்டும் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்ததால் தப்பியது. அழுகிய சத்து அங்கேயே கிடந்ததால், அடுத்த மழைக்கு முளைத்த செடி முன்னைவிடக் கொழுத்து வந்தது. போதாக்குறைக்கு, களைக்கொல்லியின் சாரல் காற்றில் பறந்தால் பக்கத்துப் பருத்தியும் கத்தரியும் சுருண்டுபோகும். நிற்கும் நீரில், அதிலும் ஆடுமாடு குடிக்கும் நீரில், நான் இதற்கு உடன்பட மாட்டேன். உப்பும் சோப்புத்தூளும் கரைத்து ஊற்றும் காணொளிகளை அனுப்பியவர்களுக்கும் இதே பதில்தான்.

இதைத் தின்னும் வண்டு உண்டாமே?

உண்டு. அரை சென்டிமீட்டர்கூட இல்லாத கூன்வண்டு. 1980களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து பெங்களூருப் பக்கம் விட்டார்கள். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் பயன்பட்டது. ஆனால் பலன் தெரியச் சில ஆண்டுகள் பிடிக்கும். கண்மாய் வற்றினால் செடியோடு வண்டும் சாகும். சாக்கடைச் சத்தில் செடி வளரும் வேகத்துக்கு வண்டால் ஈடுகொடுக்க முடியாது. நமக்கு ஒத்துவராது.

போன ஆண்டு ஹிட்டாச்சி வைத்துச் சங்கப் பணத்தில் சுத்தம் செய்தோம். நான்கே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. எங்கே தவறு?

மூன்று இடத்தில். முதலாவது, அள்ளியதை ஒப்பந்தக்காரர் உட்கரைச் சரிவிலேயே குவித்துவிட்டுப் போனார். நானும் அன்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் மழையே பாதிக் குவியலைத் திரும்ப உள்ளே இறக்கிவிட்டது. அடர்ந்த ஒரு ஏக்கர்ச் செடி நூறு டன்னையும் தாண்டக்கூடும். அதில் 95 விழுக்காடு தண்ணீர். வெளிச்சரிவில் பரப்பி ஒரு வாரம் காயவிட்டால் லாரி வாடகை பாதிக்குமேல் மிச்சமாகும்.

இரண்டாவது, விதை. சேற்றுக்குள் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடந்து, தண்ணீர் இறங்கி வெயில் படும்போது ஓரச்சேற்றில் முளைக்கும். அந்த நாற்றில் வெங்காயக் காம்பு இருக்காது. பட்டையான சிறு இலையோடு புல்லைப் போலவே இருக்கும். போன முறை நம்மவர்கள் புல் என்று விட்டுவிட்டதெல்லாம் அதுதான்.

மூன்றாவது, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால். நம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை; மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அதன் செடியும் சேர்ந்து நம்மிடம் வரும்.

அப்படியானால் வரத்துக்கால் வாயில் வலை கட்டலாமா?

கட்டலாம், ஆனால் குறுக்காக நேர்கோட்டில் கட்டக்கூடாது. மூங்கிலை மிதவையாகக் கட்டி, நைலான் வலையைச் சாய்வாக ஒரு கரையை நோக்கி இழுத்துக் கட்டினால், செடி தானாக அந்த மூலைக்குச் சறுக்கி வந்து சேரும். வாரம் ஒருமுறை இருவர் நின்று அள்ளினால் போதும். ஒரு முனை அவிழ்க்கும் முடிச்சாகவே இருக்க வேண்டும். பெருமழையின்போது அவிழ்க்காவிட்டால், செடி அடைத்து, தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வரும். மிகுநீர் வெளியேறும் கலுங்கின் முன்னால் செடி அடைவதும் இதே ஆபத்துதான். புரட்டாசி முடிவதற்குள் முதலில் சுத்தம் செய்ய வேண்டிய இடம் கலுங்கு.

அள்ளியதை உரமாக்கலாமா? மாட்டுக்குப் போடலாமா?

நறுக்கிச் சாணத்தோடு மக்கவைத்தால் நல்ல உரம். ஆனால் கழிவுநீரிலுள்ள உலோகங்களையும் இந்தச் செடி உறிஞ்சி வைத்திருக்கும் என்பதால், பூச்செடிக்கும் மரத்துக்கும் போடுங்கள், கீரைக்கு வேண்டாம். மாட்டுக்கும் வேண்டாம்.

கொசுவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. மான்சோனியா என்ற கொசுவின் புழு மற்றக் கொசுப்புழுக்களைப்போல மேலே வந்து மூச்சு விடாது. இந்தச் செடிகளின் வேரைத் துளைத்து அதிலுள்ள காற்றை இழுத்துக்கொண்டு அடியிலேயே இருக்கும். அதனால் மேலே எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களில் இதுவும் ஒன்று.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பறவைகள் போய்விடாதா?

கோரையையும் அல்லியையும் தொடாதீர்கள். நாமக்கோழிக்கு அவை போதும்.

யாரிடம் மனு கொடுப்பது?

40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மாநகர எல்லைக்குள் மாநகராட்சியிடமும் கேட்க வேண்டும். சர்வே எண்ணோடு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுங்கள். அனுமதி இல்லாமல் இயந்திரத்தை இறக்காதீர்கள். மண் எடுத்ததாக நம்மீதே வழக்கு வரும்.

மனுவில் கழிவுநீரையும் சேர்த்து எழுதுவோம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கரையில் நடந்து எண்ணினேன். கண்மாய்க்குள் கழிவுநீரை விடும் குழாய்கள் ஐந்து. அவற்றில் இரண்டு நம் மூன்றாவது தெருவிலிருந்து வருகின்றன.