இத்தனை வருடம் கழித்துத் தேடிப் போனால் நண்பர்கள் என்ன நினைப்பார்கள்?

கேள்வி: துபாயில் ஒரு நிறுவனம் கடைசிச் சுற்று நேர்முகத் தேர்வுக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறது. என்னோடு படித்த சிலர் அங்கே இருக்கிறார்கள். பேசிப் பல வருடமாகிவிட்டது. இப்போது கூப்பிட்டால் காரியத்துக்காகத் தேடி வந்ததாக நினைப்பார்களா? அவர்கள் வீட்டில் தங்கலாமா?

தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் அங்கே போய் இறங்கிய பிறகு அல்ல, டிக்கெட் போடுவதற்கு முன்பே. எதற்காக வருகிறீர்கள் என்பதைப் பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். தங்குவது பற்றிக் கீழே சொல்கிறேன்.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். போன வருடம் இதே மாதிரி துபாய்க்கு ஒரு நேர்முகத்துக்குப் போனேன். பாலிடெக்னிக் விடுதியில் ஒரே அறையில் இருந்த பெருந்துறைக்காரன் ஷார்ஜாவில் இருக்கிறான். காங்கேயத்துக்காரன் அஜ்மானில். இருவரோடும் படிப்பு முடிந்து கொஞ்ச காலம் பேச்சு இருந்தது. அப்புறம் கல்யாணம், குழந்தை, ஷிப்ட் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். சண்டை என்று எதுவும் இல்லை.

நம்ம பக்கம் ஒரு பழக்கம் உண்டு. பொண்ணு பார்க்கப் போனாலும் சரி, போர் போட இடம் பார்த்தாலும் சரி, காரியம் ஆகிற வரைக்கும் வெளியே மூச்சு விடுவதில்லை. எங்கள் அப்பத்தாவும் அதைத்தான் சொன்னார்: "ஆகட்டும் கண்ணு, அப்பறம் சொல்லிக்கலாம்." அக்கம்பக்கத்துக்கு அது சரி. நண்பர்கள் விஷயத்தில் நான் அப்படி நினைக்கவில்லை. சொல்லாமல் போய்விட்டு வந்து, வேறு யாரோ மூலமாக அவர்கள் கேள்விப்பட்டால்தான் மனசு விட்டுப்போகும்.

அதனால் பெருந்துறைக்காரனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். (ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது. எழுத்தும் குரல் பதிவும் போகும். பேசுவதற்கு அங்கே பெரும்பாலும் போட்டிம் செயலிதான்.) "மாப்ள, துபாயில ஒரு இண்டர்வியூ இருக்குது, அதுக்கு வாரேன். வேலை வாங்கிக் குடுன்னு கேக்கல. உன்னையப் பாக்கோணும், அப்பறம் அந்த ஊரு வேலையப் பத்திக் கொஞ்சம் கேக்கோணும்" என்றேன். ராத்திரியே பதில் வந்தது. "ஏன்டா, இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் நெனப்பு வந்துச்சா? வா, ஊட்ல அரிசிம்பருப்பு ஆக்கச் சொல்றேன். முதல்ல எந்த கம்பெனின்னு சொல்லு." அவன் குரலில் வருத்தம் துளியும் இல்லை.

சிபாரிசு கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பெரும்பாலானவர்களின் விசாவே அவர்களுடைய கம்பெனி கையில் இருக்கிறது. இன்னொருவருக்காக மேலாளரிடம் போய்ப் பேசுவது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. முடியாது என்று சொல்லவும் கூச்சப்படுவார்கள், முடியும் என்று சொல்லிவிட்டுத் தவிப்பார்கள். அந்த நெருக்கடியை நாமாக உண்டாக்கக் கூடாது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. சொல்லிக் கொடுக்கச் சொன்னால் யாருக்கும் சந்தோஷம்தான்.

எனக்குக் கிடைத்தது அப்படி ஒரு உதவி. நான் இங்கே பார்த்ததெல்லாம் போர்வெல்லுக்குப் போடும் சப்மெர்சிபிள், தோட்டத்து மோனோபிளாக். அங்கே உயரமான கட்டடங்கள், அதனால் தீயணைப்புப் பம்புகளுக்கு நிறைய வேலை. என் நண்பன் அந்தப் பராமரிப்பில்தான் இருக்கிறான். "சப்மெர்சிபிள் கதையச் சுருக்கமா முடிச்சுக்க. என்எஃப்பிஏ 20 படிச்சுட்டு வா" என்றான். அது தீயணைப்புப் பம்புகளுக்கான அமெரிக்க விதிமுறை. பம்புக்குக் குறித்த அளவைப் போல 150 சதவீதம் தண்ணீர் தள்ளும்போதும், அழுத்தம் குறித்ததில் 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. வெளிப்போக்கை முழுக்க அடைத்து ஓட்டினால் அழுத்தம் 140 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏன் இப்படி என்று போட்டிம்மில் அவன் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தான். தீ பெரிதாகி நாலு இடத்தில் ஒரே சமயம் தண்ணீர் திறந்தாலும் கடைசி மாடிக்கு அழுத்தம் போய்ச் சேர வேண்டும், அதற்காக. நேர்முகத்தில் முதலில் கேட்டதே, தண்ணீர் கூடக் கூட அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று காட்டும் வளைகோட்டைப் போட்டுக் காட்டச் சொல்லித்தான். டெஸ்ட் பெட்டில் தினமும் வளைகோடு எடுக்கிற கை என்பதால் தயங்காமல் போட்டேன்.

இப்போது தங்கும் விஷயம். நேர்முகத்துக்கு முந்தின ராத்திரி நண்பர் வீட்டில் தங்க வேண்டாம் என்பேன். முதல் காரணம், பல வருடம் கழித்துப் பார்த்தால் தூங்க விடமாட்டார்கள், நீங்களும் தூங்கமாட்டீர்கள். அப்புறம், ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குக் காலையில் போகிற இத்திஹாத் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். துபாய் மெட்ரோ ஷார்ஜா வரைக்கும் வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. குடும்பமில்லாமல் இருப்பவர்கள் பலர் பெட் ஸ்பேஸில் இருக்கிறார்கள். ஓர் அறையில் நாலு பேர், ஆறு பேர். நண்பர் வா என்றுதான் சொல்வார். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும். அதனால் நேர்முகம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டலில் தங்குங்கள். முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக நண்பர் வீட்டுக்குப் போங்கள்.

டிக்கெட் போடும்போது நண்பரின் விடுமுறை நாளையும் பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து துபாய் அரசு அலுவலகங்களில் வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு விடுமுறை. ஷார்ஜாவில் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள். தனியார் கம்பெனிகள் இடத்துக்கு இடம் மாறும், நிறைய பேருக்கு வாரம் ஒரு நாள்தான் ஓய்வு. எனக்கு நேர்முகம் வெள்ளிக்கிழமை காலை. நண்பனுக்கு ஞாயிறு விடுமுறை. அதை முன்கூட்டியே கேட்டுத் திரும்பும் டிக்கெட்டைப் போட்டது நல்லதாயிற்று. கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா நேரடியாகப் போகிறது, ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். திரும்பும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் விவரமும் கையில் இருக்கட்டும், கேட்டால் காட்ட வேண்டும். விசிட் விசாவில் நேர்முகத்துக்குப் போகலாம், வேலை செய்யக் கூடாது. "நாலு நாள் வேலை பார்த்துக் காட்டு" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். மாட்டினால் உங்களுக்கும் சிக்கல்தான்.

வீட்டிலிருந்து பலகாரம் கட்டிக்கொண்டு போவீர்கள், போகத்தான் வேண்டும். ஆனால் கசகசா மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். குருமா மசாலாத்தூளில் கசகசா சேர்த்து அரைப்பது நம் வீடுகளில் வழக்கம், அதனால் தூள் கொண்டுபோவதாக இருந்தால் இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அம்மா கசகசா இல்லாமல் தனியாக அரைத்துக் கொடுத்தார். கூடவே கச்சாயமும் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையும்.

அதையெல்லாம்விட அவனுக்குப் பிடித்தது வேறு. கிளம்புவதற்கு முந்தின வாரம் பெருந்துறைப் பக்கம் அவன் ஊருக்குப் போய் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு, ஊர்க் குளத்தை வீடியோ எடுத்துக்கொண்டு போயிருந்தேன். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைத்தார்களே, அத்திக்கடவு - அவிநாசித் திட்டம், அந்தத் தண்ணீர் வருகிற குளம் அது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை, வருடத்துக்கு 1.5 டிஎம்சி, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்கு ஏற்றி ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிறார்கள். நாங்கள் படித்த காலத்தில் அந்தக் குளத்துக்குள் சீமைக்கருவேல முள்தான் இருந்தது. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். குளத்து மேட்டில் நின்று அவன் அம்மா, "சாமி, தண்ணி வந்துருச்சு பாரு, எப்ப வார?" என்று கேட்டது அதில் இருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினான். அப்புறம் ராத்திரி வெகுநேரம் நாங்கள் பேசியது அந்த நிலையங்களில் எவ்வளவு உயரத்துக்குத் தள்ள வேண்டியிருக்கும், கரண்டு போனால் குழாயில் தண்ணீர் திரும்பி அடிக்காமல் என்ன செய்திருப்பார்கள் என்பதைத்தான். விடுதி அறையில் பேசுவது போலவே இருந்தது. நடுவில் போன வருடங்களைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

சம்பளம் பற்றி அவன் சொன்னது உங்களுக்கும் உதவும். மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான்: முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதம் 4,000 திர்ஹாம் இருக்க வேண்டும், அல்லது 3,000 திர்ஹாமும் கம்பெனி கொடுக்கும் தங்குமிடமும். எனக்கு வந்த தொகை 4,000-க்குக் கொஞ்சம் கீழே. "தொகைய ஏத்தச் சொல்லி மல்லுக்கட்டாத, வீட்டை ஒப்பந்தத்துல எழுதித் தரச் சொல்லு" என்றான். கேட்டேன். யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். இப்போது டிப்ளமோ சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது. மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், எமிரேட்ஸ் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கி, அங்கே போனதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகத்திலும் வாங்க வேண்டும். நேரம் பிடிக்கும், இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு எதுவாக இருந்தாலும் நண்பர்களுக்கு நீங்களே சொல்லுங்கள், கிடைக்கவில்லை என்றாலும். காங்கேயத்துக்காரனுக்கு அந்த வாரம் ஷிப்ட் மாறியதால் நேரில் பார்க்க முடியவில்லை, போனில்தான் பேசினோம். வேலை கிடைத்ததைச் சொன்னதும், "தை நோம்பிக்கு ஊருக்கு வாரேன், நீ கிளம்பறதுக்குள்ள ஊட்டுக்கு வந்துட்டுப் போ" என்றான். பெருந்துறைக்காரனும் அதே சமயம் லீவு கேட்டிருக்கிறான்.