அரிமா சங்கத்தில் இறந்துபோன உறுப்பினர்களை எப்படி நினைவுகூரலாம்?

ஒரு நிமிட மௌனத்தோடு நிறுத்திவிடாமல் உருப்படியாக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சிறிய ஊர் ஒன்றின் அரிமா சங்கத்தில் (லயன்ஸ் கிளப்) நெடுநாளாக இருக்கிறேன், செயலாளராகவும் இருந்திருக்கிறேன். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மௌன அஞ்சலி இருக்கட்டும். படத்திறப்பும் இருக்கட்டும். ஆனால் படத்தைத் திறந்ததும், இறந்தவரோடு தோளோடு தோள் நின்று வேலை பார்த்த ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். தலைவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. "பண்பாளர், பழக இனியவர், ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அதில் என்ன கிடைக்கும்?

எங்கள் பொருளாளர் ஒருவர் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கண் சிகிச்சை முகாம் என்றால் மருத்துவமனையிலிருந்து டாக்டர்கள் வருவார்கள். இடம், நோட்டீஸ், சாப்பாடு, ஆட்களைத் திரட்டுவதெல்லாம் சங்கத்தின் பொறுப்பு. கண்புரை ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களை பஸ்ஸில் ஏற்றிய பிறகு, இவர் கையில் பட்டியலோடு ஒவ்வொரு சீட்டாகப் போவார். எந்தக் கண்ணோ அதற்கு மேல் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அதைப் பட்டியலோடு சரிபார்த்து, "எந்தக் கண்ணு பாட்டி? தொட்டுக் காட்டுங்க" என்று அவர்களிடமும் கேட்பார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் கூட்டிப்போக வரும் ஆளின் போன் நம்பரைப் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொள்வார். படத்திறப்பில் ஒரு நண்பர் இதை அப்படியே சொன்னார். கூட்டம் முடிந்ததும் மகள் வந்து, அப்பாவைப் பற்றிப் பேசியதை எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து யார் மறைந்தாலும் ஒரு பக்கம் எழுதி, ஒரு பிரதி குடும்பத்துக்கும் ஒன்று சங்கக் கோப்புக்கும் என்று வைத்துக்கொண்டோம். மலர்வளையத்தைவிட இதற்குச் செலவும் குறைவு.

அடுத்தது கண்தானம். 1925-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்த அரிமா மாநாட்டில், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லர் அரிமாக்களைப் பார்த்துப் பார்வையற்றோருக்காக உழைக்கக் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து கண் சார்ந்த பணி நம் சங்கத்தோடு ஒட்டிக்கொண்டது. அப்படியிருக்க, நம் உறுப்பினர் இறந்த வீட்டிலேயே கண்தானம் கேட்க ஆளில்லாமல் போவது எனக்குத் தாங்காத விஷயம். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அந்த நேரம் ஓடிவிடும். அதனால் துக்க வீட்டுக்கு முதலில் போகும் உறுப்பினரே பக்குவமாகப் பேச வேண்டும். உறுதிமொழிப் படிவம் எழுதி வைக்காவிட்டாலும் குடும்பத்தார் சம்மதித்தால் போதும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோய் இருந்தவர், கண்புரை ஆபரேஷன் ஆனவர் என்று யாரும் தயங்க வேண்டாம். கண் வங்கிக்குப் போன் செய்துவிட்டு, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலைக்குத் தலையணை வைத்தால் போதும். குடும்பத்துக்குச் செலவில்லை, முகமும் மாறாது. ஒருவரின் கருவிழிகளால் இருவருக்குப் பார்வை கிடைக்கலாம்.

பணம் போட்டு ஏதாவது செய்ய விரும்பினால், நம்மைப் போலவே இன்னொரு சேவைச் சங்கமான ரோட்டரியில் நடந்ததைப் பாருங்கள். அதைத் தொடங்கிய பால் ஹாரிஸ் 1947 ஜனவரியில் இறந்தபோது, அவர் விரும்பியபடியே உறுப்பினர்கள் மலருக்குப் பதிலாக ரோட்டரி அறக்கட்டளைக்கு நன்கொடை அனுப்பினார்கள். 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதே ஆண்டில் 18 பேர் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க உதவித்தொகை பெற்றார்கள். நம் சங்கத்திலும் அரிமா பன்னாட்டு அறக்கட்டளைக்கு 1,000 டாலர் கொடுத்து, மறைந்தவர் பெயரில் மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோஷிப் என்ற கௌரவத்தைப் பெறலாம்; அரிமா சங்கத்தைத் தொடங்கியவர் பெயரில் உள்ளது அது. நல்ல மரியாதைதான். ஆனால் சின்ன சங்கமாக இருந்தால் அந்தப் பணத்தை ஊரிலேயே, அவர் மனம் வைத்திருந்த வேலைக்குச் செலவிடுங்கள் என்பேன். பள்ளிக்கூடத்தின் மேல் பிரியமாக இருந்தவர் பெயரில் எதற்கு நிழற்குடை?

அப்புறம் குடும்பம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பல சங்கங்களில் அந்த வீட்டுக்கு அழைப்பிதழ் நின்றுவிடுகிறது. இருபது வருடம் குடும்ப விழாக்களுக்கு வந்த அம்மாவை ஒரே மாதத்தில் வெளி ஆளாக்குவது கொடுமை. அவரை எப்போதும்போல் கூப்பிடுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இன்சூரன்ஸ் என்று அலைய வேண்டிய முதல் சில மாதங்களுக்குக் கூடப் போக ஓர் உறுப்பினரைப் பொறுப்பாக்குங்கள். தாலுகா ஆபீஸில் பழக்கமுள்ளவராக இருந்தால் ரொம்ப நல்லது.

கடைசியாக ஒன்று. ஜூலை 1-ல் நிர்வாகிகள் மாறிவிடுவார்கள். முந்தைய தலைவர் கொடுத்த வாக்கு புதியவருக்குத் தெரியாமலே போகும். ஆகவே மறைந்தவர் பெயரில் என்ன செய்வதாக இருந்தாலும் தீர்மானமாக மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுங்கள். பெயர், நினைவு நாள், வீட்டு போன் நம்பர், ஒப்புக்கொண்ட வேலை எல்லாம் ஒரே தாளில் எழுதி, கணக்குப் புத்தகங்களோடு சேர்த்துப் புதிய செயலாளரிடம் கொடுங்கள்.