ஃபிராங்க்ளின் போன வழி: இனுவிட் மக்கள் சொன்னதும் நாம் கேட்காததும் (கேள்வி பதில்)

ஆர்க்டிக்கில் காணாமல் போன, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்க்ளின் தலைமையிலான குழுவைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். கடற்படை ஆவணங்களைவிட அந்த மண்ணின் மக்களான இனுவிட்டுகள் சொன்னதையே அதிகம் நம்பி எழுதியிருக்கிறேன். ஏன் என்பது படிக்கும்போது புரியும்.

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு இந்தக் கதையே புதிது. சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

கனடாவுக்கு வடக்கே அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியைத் தேடி எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் 1845 மே மாதம் இங்கிலாந்திலிருந்து கிளம்பின. கிரீன்லாந்தைத் தாண்டிப் போன 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. 1846 செப்டம்பரில் வட கனடாவின் கிங் வில்லியம் தீவுக்கு அருகே கப்பல்கள் பனியில் சிக்கின. 1847 ஜூனில் ஃபிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில், எஞ்சிய 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கே பேக் ஆற்றை நோக்கி நடந்தார்கள். பனியில் சிக்கியது முதல் இவ்வளவும் தெரிவது, 1859-இல் கல்குவியலில் கிடைத்த ஒரே ஒரு தாளிலிருந்து. அதற்குப் பிறகு நடந்ததை எழுதி வைத்தவர் யாருமில்லை. கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

கேள்வி: பார்த்தவர்கள் அப்போதே சொல்லவில்லையா?

சொன்னார்கள். 1854-இல் ஆர்க்டிக் பயண ஆய்வாளர் ஜான் ரே பெல்லி விரிகுடாப் பக்கம் இனுவிட்டுகளைச் சந்தித்தார். படகை இழுத்துக்கொண்டு தெற்கே போன நாற்பது வெள்ளையர்களைப் பற்றியும், பசியில் செத்தவர்களின் உடலை மற்றவர்கள் தின்றதைப் பற்றியும் அவர்கள் சொன்னார்கள். குழுவினரின் வெள்ளிக் கரண்டிகளையும் ரேயிடம் விற்றார்கள். லண்டன் கொதித்துப்போனது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் இனுவிட்டுகளைப் பொய்யர்கள், காட்டுமிராண்டிகள் என்கிற தொனியில் எழுதினார். அவ்வளவு பெரிய மனிதர் இப்படி எழுதியதை இன்றைக்குப் படித்தாலும் எனக்கு மனம் கசக்கிறது. 1990-களில் எரிபஸ் விரிகுடாவில் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுகள் இருந்தன. 2024-இல் எரிபஸ் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ஜேம்ஸின் தாடை எலும்பு டிஎன்ஏ சோதனையில் அடையாளம் காணப்பட்டது. அதிலும் வெட்டுத் தடம்.

கேள்வி: பட்டினியில் சாகிறவர்களுக்கு இனுவிட்டுகள் ஏன் உதவவில்லை? கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

தீவின் தென்கரையில் நான்கு குடும்பங்கள் அந்தக் கூட்டத்தைச் சந்தித்து, கையிலிருந்த கடல்நாய் இறைச்சியைக் கொடுத்தன. மறுநாள் காலை கிளம்பிப் போய்விட்டன. வேட்டையே கிடைக்காத நிலத்தில் நான்கு குடும்பங்கள் நாற்பது பேருக்கு எப்படிச் சோறு போடும்? தங்கியிருந்தால் அவர்கள் பிள்ளைகளும் செத்திருக்கும். இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: வாய்மொழிக் கதை 150 வருஷத்தில் திரிந்துபோகாதா? எந்த அளவுக்கு நம்பலாம்?

நியாயமான கேள்வி. வருஷக் கணக்கு குழம்பும். இரண்டு கப்பல்களின் கதை ஒன்றோடொன்று கலக்கும். இடமும் பொருளும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அந்த நிலத்தில் இடம் தவறினால் உயிர் போகும், அதனால் இடத்தைச் சரியாகச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறார்கள்.

கிங் வில்லியம் தீவுக்குத் தெற்கேயுள்ள உட்ஜுலிக் கடல் பகுதிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க்ளின் குழுவைத் தேடிப் போன அமெரிக்கர்களான சார்ல்ஸ் ஹால் 1860-களிலும், ஷ்வாட்கா 1879-இலும் அதைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். டூக்கூலிட்டோ, இபிர்விக் என்ற இனுவிட் தம்பதிதான் ஹாலுக்கு மொழிபெயர்த்தது. ஷ்வாட்காவோடும் இபிர்விக் போனார். அவர்கள் இல்லாவிட்டால் இந்தப் பதிவே இல்லை. பனியில் நின்ற ஒரு கப்பல். அதிலிருந்து பனிக்கு இறக்கிய பலகை. கப்பலோரம் பெருக்கித் தள்ளிய குப்பை. உள்ளே ஒரு பெரிய மனிதரின் பிணம், தூக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. உள்ளே போக வழி தெரியாமல் இனுவிட்டுகள் பக்கவாட்டில் ஓட்டை போட்டார்கள். பனி உருகியதும் தண்ணீர் புகுந்து கப்பல் மூழ்கியது. குப்பையைக் கவனியுங்கள்: கைவிட்ட கப்பலுக்கு யாரோ திரும்பி வந்து குடியிருந்திருக்கிறார்கள். தாளில் இல்லாத செய்தி இது.

2014 செப்டம்பரில் எரிபஸ் கிடைத்தது அதே கடல் பகுதியில்தான், 11 மீட்டர் ஆழத்தில். டெரர் கிடைத்த கதையும் அப்படித்தான். கிங் வில்லியம் தீவிலுள்ள ஜோ ஹேவன் ஊரைச் சேர்ந்த இனுவிட் சாமி கோக்விக், ஒரு விரிகுடாவில் பனியிலிருந்து பாய்மரம் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைச் சில வருஷங்களுக்கு முன் பார்த்ததாகச் சொன்னார். 2016-இல் அந்த விரிகுடாவுக்குப் போய்ப் பார்த்தால், 24 மீட்டர் ஆழத்தில் கப்பல். அந்த விரிகுடாவின் பெயர் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே டெரர் விரிகுடா!

கேள்வி: ஃபிராங்க்ளினின் கல்லறை?

இன்னும் கிடைக்கவில்லை. ஜோ ஹேவன் வரலாற்றாளர் லூயி கமூக்காக் 2018-இல் இறக்கும் வரை தேடினார். அவருடைய கொள்ளுப்பாட்டி ஹம்மஹுக் சிறுமியாக இருந்தபோது, கிங் வில்லியம் தீவில் தகப்பனோடு போகையில் வெள்ளையர்களின் பொருள்களைக் கண்டெடுத்தார். அதில் ஒரு சாப்பாட்டுக் கத்தியைத் தகப்பன் பனி உளியாக்கிக்கொண்டார். ஆள் நீளத்துக்கு ஒரு மண்மேடும், அதன் தலைமாட்டில் விசித்திரக் குறிகள் கொண்ட கல்லும் அங்கே இருந்தனவாம். ஏழு வயதில் கேட்ட இந்தக் கதைதான் லூயியை வாழ்நாளெல்லாம் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்க வைத்தது.

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். நேரில் போக முடியுமா?

யெல்லோநைஃப் போய் அங்கிருந்து ஜோ ஹேவனுக்கு விமானம் பிடிக்கலாம். டிக்கெட் விலை அதிகம். கப்பல்கள் மூழ்கிய இடங்களுக்கு அனுமதியில்லாமல் போக முடியாது. கோடையில் இனுவிட் காவலர்கள் அங்கே கூடாரம் போட்டுக் காவல் இருக்கிறார்கள். ஊரிலேயே நாட்டிலிக் பாரம்பரிய மையம் இருக்கிறது. முதல் நாளை அங்கே செலவிடுங்கள். தீவுக்குள் போக ஆசைப்பட்டால் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.