ஒன்பதாம் வகுப்பில் ஃபுட்பால்: டெக்சாஸுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

கோவையிலிருந்து ஜூன் மாதம்தான் டாலஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவுக்கு வந்திருக்கிறீர்கள். ஆகஸ்டில் மகன் ஒன்பதாம் வகுப்பு. ஊரில் கிரிக்கெட் மட்டும் ஆடியவன், இங்கே வந்ததும் அமெரிக்கன் ஃபுட்பாலில் சேர்ந்தே தீருவேன் என்று நிற்கிறான். சேர்க்கலாமா, என்ன செலவாகும், தலையில் அடிபடுமா, படிப்பு கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்க்கலாம் சகோதரி. இந்த ஆட்டத்தில் ஆபத்து உண்டு. அதிலிருந்து பிள்ளைகளைக் காக்க டெக்சாஸில் நல்ல விதிகளும் உண்டு. ஆனால் அந்த விதிகளில் பாதி, பையன் வலியை மறைக்காமல் சொன்னால்தான் வேலை செய்யும். வீட்டில் அவனை அப்படிச் சொல்லப் பழக்குவது நம் பொறுப்பு.

முன் அனுபவம் இல்லையே என்ற கவலை வேண்டாம். கூடைப்பந்து, சாக்கர் (நம் ஊர்க் கால்பந்து) போன்றவற்றில் தேர்வு வைத்துப் பலரைக் கழித்துவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு ஃபுட்பாலில் பெரும்பாலான அரசுப் பள்ளிகள் யாரையும் கழிப்பதில்லை. ஏ அணி, பி அணி என்று பிரித்து இரண்டுக்கும் ஆட்டம் ஏற்பாடு செய்வார்கள். வெள்ளிக்கிழமை இரவு விளக்கு வெளிச்சத்தில் நடப்பது மேல்வகுப்பு மாணவர்களின் வார்சிட்டி, அதாவது பள்ளியின் முதன்மை அணி ஆட்டம். உங்கள் மகனுடைய ஆட்டம் பெரும்பாலும் வியாழன் மாலை இருக்கும்.

இப்போதே தொடங்க வேண்டியது காகித வேலை. மாநிலப் பள்ளி விளையாட்டுகளை நிர்வகிக்கும் யூ.ஐ.எல் அமைப்பின் உடல் பரிசோதனைப் படிவம் கையில் இல்லாமல் பயிற்சியின் முதல் நாளே களத்தில் விடமாட்டார்கள். ஊர் மருத்துவரிடம் வாங்கி வந்த சான்றிதழ் செல்லாது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் முதல் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் பரிசோதனை கட்டாயம். பல பள்ளி மாவட்டங்கள் (பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) ஆண்டுதோறும் கேட்கின்றன. இதற்கென்று தனியாக அர்ஜென்ட் கேர் (உடனடிச் சிகிச்சை மையம்) போனால் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. குழந்தை மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை காப்பீட்டில் வரும் பொதுப் பரிசோதனைக்கு நேரம் வாங்கி, அந்தப் படிவத்தையும் கொண்டுபோய் அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு வேண்டிய டீடேப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான்), மெனிங்கோகாக்கல் (மூளைக்காய்ச்சல்) தடுப்பூசிகள் பாக்கி இருந்தால் அவையும் அதே நாளில் முடிந்துவிடும். ஜூலைக் கடைசியில் நேரம் கிடைப்பது கஷ்டம்.

படிவத்தோடு வரும் மருத்துவ வரலாற்றுப் பக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று குறித்துவிட்டு நகராதீர்கள். குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் இதயக் கோளாறாலோ திடீரென்றோ இறந்ததுண்டா என்று கேட்டிருப்பார்கள். சித்தப்பாவோ மாமாவோ நாற்பது வயதில் 'தூக்கத்திலேயே போய்விட்டார்' என்றால், அதை எழுதத்தான் வேண்டும். ஓடும்போது மயங்கி விழுந்தது, நெஞ்சு அடைத்தது, சின்ன வயதில் வீசிங் வந்தது எல்லாம் இதில் சேரும். எழுதினால் சேர்க்க மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கூடுதலாக ஒரு பரிசோதனை சொல்வார்கள், அவ்வளவுதான். 2019-ல் கோடி என்ற மாணவன் பெயரில் வந்த சட்டப்படி, இ.சி.ஜி எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு உண்டு என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்பத்தில் இதய நோய் இருந்தால் கட்டாயம் எடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, ஹெல்மெட், ஷோல்டர் பேட், ஜெர்சி, ஆட்டத்துக்கான கால்சட்டை எல்லாம் பள்ளியே தரும், பருவம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்கள் வாங்குவது கிளீட்ஸ் ஷூ (அடியில் குமிழ்கள் உள்ளது), வாய்க்காப்பு, இடுப்புக்கும் தொடைக்கும் பேட் வைத்த கர்டில் என்ற இறுக்கமான உள்கால்சட்டை (இதைச் சில பள்ளிகளே தரும்), உள்ளே போடும் வியர்வை உறிஞ்சும் பனியன்கள், பந்து பிடிக்கும் இடம் கிடைத்தால் கையுறை. ஏறக்குறைய 200 டாலருக்குள் முடித்துவிடலாம். கிளீட்ஸ் அடிப்பகுதி ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வார்ப்பாக இருக்கட்டும். வளரும் பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் உள்ளே கால் வழுக்கிக் கொப்புளம் போடும், கணுக்கால் பிசகும். பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, தினமும் கொஞ்ச நேரம் புல்தரையில் போட்டு நடக்கவிடுங்கள்.

வாய்க்காப்பை அலட்சியமாக வாங்கிவிடுகிறார்கள். வெள்ளையும் கண்ணாடி நிறமும் வேண்டாம், நடுவர் கண்ணில் படும் நிறம் வேண்டும். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைக்கும் வகை என்றால் அட்டையில் எழுதியிருக்கும் நொடிக் கணக்கைத் தாண்ட விடாதீர்கள், கூடினால் உருகி உருக்குலைந்துவிடும். எடுத்ததும் ஓரிரு நொடி ஆறவிட்டு மேல்பல்லில் பொருத்தி, பல்லை அழுத்தி, வெளியிலிருந்து விரலால் உதட்டோடு சேர்த்து அமுக்கி, உள்ளே உறிஞ்சச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் கீழே விழாமல் நிற்க வேண்டும். பல்லுக்கு பிரேசஸ் போட்டிருந்தால் இந்த வகை வேண்டவே வேண்டாம், கம்பியில் பிடித்துக்கொள்ளும். பிரேசஸுக்கென்றே வெந்நீர் தேவைப்படாத சிலிக்கான் வாய்க்காப்பு இருக்கிறது.

ஹெல்மெட் பள்ளி தருவதுதான் என்றாலும், அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பையனுக்கே பார்க்கத் தெரிய வேண்டும். மாட்டிவிடும் அறைக்குள் நீங்கள் போக முடியாது. முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். இரு பக்கமும் தாடைப் பேட் கன்னத்தைத் தொட வேண்டும், காது ஓட்டைகள் காதுக்கு நேராக இருக்க வேண்டும். தாடைவாரின் நான்கு பட்டனையும் போட்டபின் முகக்கம்பியைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் சுற்றினால் தளர்வு. வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டால் ஹெல்மெட் உச்சந்தலையை அழுத்த வேண்டும். ஹெல்மெட் கொடுத்த பிறகு பையன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தால் பொருத்தம் போய்விடும். உள்ளே காற்றுப்பை இருக்கும் வகையில் காற்றும் மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறை பார்த்து, தளர்ந்திருந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஹெல்மெட் காப்பது மண்டையோட்டை. அதற்குள் மூளை குலுங்குவதை எந்த ஹெல்மெட்டாலும் முழுக்கத் தடுக்க முடியாது. அதைத்தான் கன்கஷன் என்கிறார்கள். மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்பது தவறு. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத எரிச்சல், 'மூளை மந்தமாக இருக்கிறது' என்ற பேச்சு, இதில் ஒன்று இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். நம் வீடுகளில் தலைவலி என்றதும் ஒரு மாத்திரையைக் கொடுத்துத் தூங்கச் சொல்வோம். இந்தப் பருவம் முழுக்க அதைச் செய்யாதீர்கள். அடி எப்போது, எப்படிப் பட்டது என்று முதலில் கேளுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காதது என்றால் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

2011-ல் வந்த நடாஷா சட்டப்படி, சந்தேகம் வந்த நொடியே பையனை வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்கு மீண்டும் இறக்கக்கூடாது. பிறகு மருத்துவரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் உங்கள் கையெழுத்தும் வேண்டும். திரும்பி ஆடலாம் என்று முடிவு செய்யும் உரிமை கோச்சுக்குக் கிடையாது. அனுமதி வந்த பிறகும் லேசான ஓட்டத்தில் தொடங்கி, ஒரு நாளைக்கு ஒரு படியாக ஏற்றித்தான் மோதலுக்கு விடுவார்கள். இதில் ஓட்டை விழும் இடம் ஒன்றுதான்: பையன் மறைப்பது. வெளியே உட்கார வைத்துவிடுவார்களே என்ற பயம் அவனுக்கு. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் வரும் கேடு மிகப் பெரியது, உயிரே போனதுண்டு. பின்னால் தலையில் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பருவத் தொடக்கத்தில் கணினியில் நினைவாற்றல் சோதனை வைக்கும் பள்ளிகள் உண்டு. அடிபட்ட பிறகும் வித்தியாசம் தெரியாமல் இருக்கட்டும் என்று அதில் வேண்டுமென்றே குறைவாக எழுதும் பிள்ளைகளும் உண்டு. இரண்டையும் அவனிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை கன்கஷன் வந்த பிள்ளை என்றால் ஃபுட்பால் வேண்டாம் என்றே சொல்வேன், கிராஸ் கன்ட்ரி ஓட்டமோ டென்னிஸோ போதும்.

புதிதாக ஆடுபவர்கள் டேக்கிள் செய்யும்போது (பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்தும்போது) கண்ணை மூடித் தலையைக் குனிந்து பாய்வார்கள். தலை குனிந்தால் கழுத்தெலும்பின் இயல்பான வளைவு நேராகிவிடும், மோதலின் முழு விசையும் எலும்புத் தொடரில் நேரடியாக இறங்கும். கழுத்து முறிவது இப்படித்தான். தலை நிமிர்ந்து, எதிராளியைப் பார்த்தபடி, தோளால் தடுப்பதுதான் சரியான முறை. ஒன்பதாம் வகுப்பு கோச் முதல் வாரங்களில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித்தருவார். அந்த நாட்களில் விடுப்பு எடுக்க வைக்காதீர்கள்.

ஆகஸ்டில் டாலஸ் பக்கம் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும், செயற்கைப் புல்தரை அதைவிடச் சுடும். முதல் சில நாள் ஹெல்மெட் மட்டும், பிறகு ஷோல்டர் பேட், அதன்பின்தான் முழு உடுப்பு என்று படிப்படியாக ஏற்றுவது விதி. ஏ.சி வீட்டிலேயே ஜூலை முழுக்க இருந்துவிட்டு நேராகக் களத்துக்குப் போகும் பிள்ளைதான் முதலில் சுருண்டு விழுவான். உடல் வெயிலுக்குப் பழக இரண்டு வாரம் வேண்டும். ஜூலை நடுவிலிருந்து மாலையில் 20 நிமிட ஓட்டத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். பள்ளியே கோடையில் காலை வேளை உடற்பயிற்சி முகாம் நடத்தும். கட்டாயமில்லை என்றாலும் அனுப்புவது நல்லது. அங்கேதான் நண்பர்களும் கிடைப்பார்கள்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். 60 கிலோ பையன் ஒரே பயிற்சியில் 1.2 கிலோவுக்கு மேல் இழந்தால் குடித்த தண்ணீர் போதவில்லை. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் லிட்டர் அளவு, கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் ஊற்றினால் இரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். உப்புப் போட்ட மோர் இதற்கு அருமையான பானம். வெயிலில் பிள்ளை உளறினாலோ தள்ளாடினாலோ, வியர்த்துக்கொண்டே இருந்தாலும் அது ஹீட் ஸ்ட்ரோக் என்ற வெப்பத் தாக்காக இருக்கலாம். 911-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட வேண்டும். தொட்டி எங்கே இருக்கிறது என்று அத்லெடிக் ட்ரெய்னரிடம் முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். அவர் கோச் அல்ல, உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர். காயம் என்றால் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். நீங்களாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனாலும் அவருக்குத் தெரிவித்துவிடுங்கள். பள்ளி எடுத்திருக்கும் காப்பீடு உங்கள் காப்பீடு கொடுத்த பிறகு மிஞ்சுவதற்குத்தான். வேலையிடக் காப்பீட்டில் டிடக்டபிள் (காப்பீடு பணம் தரும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) எவ்வளவு, அந்தக் காப்பீட்டின் நெட்வொர்க்கில் உள்ள எலும்பு மருத்துவர் யார் என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

சாப்பாட்டில், மதிய உணவு பள்ளியில் பதினொரு மணிக்கே முடிந்துவிடலாம், பயிற்சி ஆறு மணி வரை போகலாம். பையில் சப்பாத்தி ரோல் இரண்டு, வாழைப்பழம் இருக்கட்டும். இந்த உழைப்புக்கு 60 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு 75 முதல் 100 கிராம் புரதம் வேண்டும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. கெட்டிப் பருப்பு, சுண்டல், பனீர், கிரீக் தயிர், சாப்பிடுவீர்களென்றால் முட்டை, கோழி என்று மூன்று வேளையும் பிரித்துக் கொடுங்கள். ஆட்ட நாளில் பெற்றோர் சங்கமான பூஸ்டர் கிளப் சாப்பாடு ஏற்பாடு செய்யும், பெரும்பாலும் இறைச்சி சாண்ட்விச். சைவம் என்றால் முதல் வாரமே சொல்லிவிடுங்கள், மறுக்க மாட்டார்கள்.

படிப்புக்கு இந்த மாநிலத்தில் ஒரு கடிவாளம் இருக்கிறது. 1984-ல் இயற்றப்பட்ட 'தேறாவிட்டால் ஆட்டமில்லை' சட்டம். மதிப்பீட்டுக் காலம் முடியும்போது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் ஆட்டத்தில் இறங்க முடியாது. பயிற்சி மட்டும் செய்யலாம். நம் பிள்ளைகள் இதில் மாட்டுவது பெரும்பாலும் பாடம் புரியாமல் அல்ல, வீட்டுப்பாடத்தைச் செய்துவிட்டு ஆன்லைனில் சமர்ப்பிக்க மறப்பதால். ஞாயிறு இரவு மதிப்பெண் தளத்தைத் திறந்து, சமர்ப்பிக்காதவை எத்தனை என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். பயிற்சியில் ஒரு பகுதி அத்லெடிக்ஸ் என்ற பாடவேளையிலேயே நடக்கும், உடற்கல்விக்கான கிரெடிட்டும் அதிலேயே கிடைத்துவிடும்.

ஏன் என் மகனை இறக்கவில்லை என்று ஆட்டம் முடிந்ததும் கோச்சிடம் போய் நிற்காதீர்கள். ஆடும் நேரம், வியூகம், அடுத்த வீட்டுப் பிள்ளை, இந்த மூன்றையும் கோச்சுகள் பெற்றோரோடு பேசுவதில்லை. 'நான் இன்னும் நேரம் ஆட என்ன செய்ய வேண்டும்' என்று பையன் கேட்கட்டும். அதற்கு நல்ல பதில் கிடைக்கும். உடல்நலம், பாதுகாப்பு என்றால் மட்டும் நீங்களே தயங்காமல் பேசுங்கள்.

ஒவ்வொரு நாளும் பையைக் காலிசெய்து எல்லாவற்றையும் துவைக்க வேண்டும். செயற்கைப் புல்லில் உராய்ந்த காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி மூடுங்கள், துண்டைப் பகிர வேண்டாம். இந்த வழியாகத்தான் மருந்துக்கு மசியாத தோல் தொற்றுகள் அணிக்குள் பரவுகின்றன. கொப்புளம் சூடாகச் சிவந்து வலித்தால் அன்றே ட்ரெய்னரிடம் காட்டச் சொல்லுங்கள்.

செப்டம்பரிலோ அக்டோபரிலோ எனக்கு இது வேண்டாம் என்று அவனே சொன்னால் கட்டாயப்படுத்த வேண்டாம். கோச்சிடம் நேரில் போய்ச் சொல்லட்டும், திடீரென்று வராமல் நிற்பது சரியல்ல. ஹெல்மெட், பேட் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பில் வரும். அத்லெடிக்ஸ் பாடவேளைக்குப் பதில் என்ன, கிரெடிட் என்ன ஆகும் என்று, பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் அதே வாரம் கேளுங்கள். பருவம் முடியும் முன் வேறு விளையாட்டுக்கு மாற விடாத பள்ளிகள் உண்டு, அதையும் சேர்த்தே விசாரித்துக்கொள்ளுங்கள்.