வீட்டுக்குள்ளயே ஷார்ட்வேவ் ஆன்டெனா கட்டலாமா?

கேள்வி: அடுக்குமாடி வீட்டுல இருக்கோம், மொட்டை மாடில ஒயர் கட்ட விட மாட்டேங்குறாங்க. சின்ன ரேடியோல ஷார்ட்வேவ் (சிற்றலை, தூரத்து ஸ்டேஷன்லாம் வர்றது) வச்சா கொர்ருன்னு ஒரே இரைச்சல், ஸ்டேஷன் எங்கயோ அடியில முணுமுணுக்குது. வீட்டுக்குள்ளயே ஏதாச்சும் பண்ண முடியுமாங்க?

பதில்: தாராளமா பண்ணலாம். ஆனா ஒயர் தேடுறதுக்கு முன்னாடி ரேடியோவ அடாப்டர்ல இருந்து கழட்டி பேட்டரில ஓட விடுங்க. ஒரு ஸ்டேஷன வச்சுக்கிட்டு எல்இடி பல்பு, போன் சார்ஜர், டிவி, ரவுட்டர் அடாப்டர்னு ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணி பிளக்க புடுங்கிப் பாருங்க, ஏதோ ஒண்ண புடுங்கினதும் இரைச்சல் சட்டுனு அடங்கும், கோளாறு அதுலதான் இருக்கு. அதுக்குள்ள கரண்ட வேகமா ஆன்-ஆஃப் பண்ணிட்டே இருக்குற ஸ்விட்சிங் சர்க்யூட் ஷார்ட்வேவ் முழுக்க குப்பைய கொட்டுது. அத அப்படியே விட்டுட்டு எவ்ளோ நீள ஒயர் கட்டினாலும் ஸ்டேஷனோட சேந்து இரைச்சலும்தான் பெருசாகும். பல பேர் இங்கதான் மனசு விட்டுப் போயி ரேடியோவையே ஓரங்கட்டிடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

அடுத்தது ஒயர். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிசான செம்பு ஒயர் 5ல இருந்து 7 மீட்டர் போதும். உறைய உரிக்க வேணாம், சிக்னல் அது வழியா வந்துடும், ஒரு முனைல மட்டும் ஒரு இன்ச் சீவி முதலைக் கிளிப் மாட்டி ரேடியோவோட கம்பி ஆன்டெனால கவ்வ விடுங்க. மீதி ஒயர ஜன்னலுக்கு மேல சுவர் ஓரமா டேப் போட்டு ஒட்டிடுங்க. கான்கிரீட் சுவர்ல இருக்குற இரும்புக் கம்பி சிக்னல தடுக்கும், அதனால ஜன்னல் பக்கம்தான் நல்லா வரும், ஆனா ஜன்னல் கிரில்ல ஒட்டாம கொஞ்சம் தள்ளி இருக்கட்டும், கரண்ட் ஒயர் போற வழிலயும் கூடவே ஓட விடாதீங்க.

ஒயர் ரொம்ப நீளமானா சின்ன ரேடியோ திணறும், ஒரே ஸ்டேஷன் டயல்ல நாலு இடத்துல கேக்கும். அப்போ கிளிப்ப எடுத்துட்டு ஒயர அந்தக் கம்பி மேல உறையோடயே நாலஞ்சு சுத்து சுத்தி விடுங்க, அளவா வரும்.

நேரமும் முக்கியம்ங்க. ராத்திரில 49, 41, 31 மீட்டர் பேண்ட் (ஷார்ட்வேவ்ல ஸ்டேஷன்கள் இருக்குற பகுதிகளோட பேரு, ஒயர் நீளம் இல்ல) பாருங்க, பகல்ல 19, 16 மீட்டர். ஒயர் கொஞ்சமாச்சும் ஜன்னலுக்கு வெளிய தொங்குதுன்னா இடி மின்னலுக்கு முன்னாடியே கழட்டிடணும், இதுல அசால்ட்டா இருக்காதீங்க.

கேள்வி: அப்போ ஒயர வளையமா கட்டுற லூப் ஆன்டெனா எதுக்கு?

பதில்: பக்கத்து வீட்டு இரைச்சல நம்மளால ஆஃப் பண்ண முடியாதுல்ல, அதுக்குத்தான். லூப்ப மெதுவா திருப்பினா ஒரு கோணத்துல அந்த இரைச்சல் நல்லாவே குறையும். சுமார் 1 மீட்டர் அகலத்துல ஒரு சுத்து தடிமனான செம்பு ஒயர், அதோட ரெண்டு முனைக்கும் நடுவுல கேங் கன்டென்சர் (பழைய ரேடியோல ஸ்டேஷன் மாத்த திருப்புற கன்டென்சர்), உள்ள அஞ்சுல ஒரு பங்கு அளவுல இன்னொரு குட்டி வளையம், அதுல இருந்து ரேடியோவோட ஆன்டெனா சாக்கெட்டுக்கு. ஸ்டேஷன் மாத்துறப்பல்லாம் கன்டென்சரையும் திருப்பணும், சரியான இடம் வந்ததும் சத்தம் குபீர்னு ஏறும்.