அமெரிக்கக் கல்லூரி விடுதி வைஃபையில் டொரண்ட் வழியாகப் படம் இறக்கினால் மாட்டிக்கொள்வோமா?

மாட்டலாம். கல்லூரி உங்களை வேவு பார்க்க வேண்டியதே இல்லை. படத்தின் உரிமையாளர் வைத்திருக்கும் ஆட்களே அந்த டொரண்டில், அதாவது படத்தை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் கூட்டத்தில் சேர்ந்து, யார் யார் பகிர்கிறார்கள் என்று ஐபி முகவரியையும் (இணைய இணைப்பின் அடையாள எண்) நேரத்தையும் குறித்துக் கல்லூரிக்குப் புகார் அனுப்புவார்கள். அந்த நேரத்தில் அந்த முகவரி யாருடைய லாகினில் இருந்தது என்று கல்லூரி தன் பதிவேட்டில் பார்க்கும், அவ்வளவுதான்.

"நான் இறக்கத்தானே செய்தேன்" என்பது எடுபடாது. டொரண்ட் இறக்கும்போதே மற்றவர்களுக்கு ஏற்றியும் விடும்.

முதல் தடவை பெரும்பாலும் எச்சரிக்கை, அப்புறம் இணையத் துண்டிப்பு, ஒழுங்கு நடவடிக்கை. கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இந்தத் தண்டனைகளைக் கல்லூரிகள் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம். யாரும் படிக்காத அந்த மின்னஞ்சல் அதுதான்! வழக்கென்று போனால் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை இழப்பீடு. தெரிந்தே செய்ததென்றால் 1,50,000 வரை போகலாம்.