வாசகர் கேள்வி பதில்: வில்லியாகப் பிறந்த பெண்கள்

கேள்வி: என் மகள் எஃப்.ஒய்.ஜே.சி. (பிளஸ் ஒன்) படிக்கிறாள். ஹார்பர் லைன் ரயிலில் ஏறினதிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் போனில் கொரிய காமிக்ஸ்தான். என்ன கதை என்று கேட்டால், "ஒரு பொண்ணு செத்துப்போய், தான் படிச்ச நாவல்லயே வில்லியாப் பொறக்கறாம்மா" என்கிறாள். நல்ல பெண்ணை விட்டுவிட்டுக் கெட்டவளை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?
– ஒரு தாய், செம்பூர்

பதில்: உங்கள் மகள் கதையைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள் அம்மா. இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி, பெரும்பாலும் வேலையிலோ வீட்டிலோ நொந்துபோனவள், இறந்துபோகிறாள். கண் விழித்தால் தான் படித்த நாவலுக்குள்ளோ, விளையாடிய காதல் கேமுக்குள்ளோ இருக்கிறாள். அதுவும் நாயகியாக இல்லை. நாயகியைக் கொடுமைப்படுத்தி, கடைசியில் நாடு கடத்தப்படுகிற அல்லது தலை வெட்டப்படுகிற பிரபு வீட்டுப் பெண்ணாக. முடிவு அவளுக்குத் தெரியும், சுற்றியிருக்கிற யாருக்கும் தெரியாது. அந்த முடிவிலிருந்து தப்புவதுதான் முழுக் கதையும். இளவரசனும் காதலும் நடுவில் வந்து சேர்ந்துகொள்கிறார்கள்.

இது ஜப்பானில் ஆரம்பித்தது. 2004-ல் தொடங்கிய 'ஷோசெட்சுகா நி நாரோ' என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் தொடர்கதை எழுதிப் போடலாம். அங்கே எழுதி வளர்ந்தவர்களில் சதோரு யாமகுச்சியும் ஒருவர். அவருடைய கதையில் வில்லியாகப் பிறந்திருக்கிற கதாரினாவுக்கு 8 வயதில் தலையில் அடிபட்டு முற்பிறவி ஞாபகம் வந்துவிடுகிறது. நாடு கடத்தினால் பிழைக்க வழி வேண்டுமே என்று மாளிகைத் தோட்டத்திலேயே காய்கறி பயிரிட ஆரம்பிக்கிறாள்! 2015-ல் புத்தகமாக வந்து, 2020-ல் அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) ஆனபிறகு இந்த வகை இன்னும் பரவலாகத் தெரியவந்தது. கொரியாவில் இதையே விரலால் கீழே தள்ளிப் படிக்கிற கலர் வெப்டூனாக வரைந்தார்கள், அதுதான் இப்போது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

கெட்டவளை ஏன் பிடிக்கிறது என்றீர்கள். 'வில்லன்ஸ் ஆர் டெஸ்டின்ட் டு டை' என்ற கொரியக் கதையை எடுத்துக்கொள்வோம். அதில் பெனலோப்பி ஒரு டியூக் வீட்டு வளர்ப்பு மகள், அண்ணன்மார் அவளை வெறுக்கிறார்கள், வேலைக்காரர்கள்கூட மதிப்பதில்லை. அவள் உடம்புக்குள் வந்து சேர்கிற பெண்ணும் தன் சொந்த வீட்டில் அண்ணன்களிடம் அவமானப்பட்டு வளர்ந்தவள்தான். எதிரில் நிற்கிற ஒவ்வொரு ஆணின் தலைக்கு மேலும் அவள் மீது அவனுக்கு எத்தனை சதவிகிதம் பிரியம் என்று எண் தெரிகிறது. அது குறையக் குறைய அவள் உயிருக்கு ஆபத்து. வீட்டில் யார் எந்த மூடில் இருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துப் பார்த்தே வார்த்தையை அளந்து பேசி வளர்ந்த பெண்களுக்கு, அந்த எண் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ரசிகைகளை இழுப்பது மாளிகையும் கவுனும் மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

நம் டிவி சீரியலில் வில்லி வந்தாலே புருவம் உயரும், பின்னணி இசை அதிரும். அவள் ஏன் இப்படி ஆனாள் என்று கேட்க நேரம் இருக்காது. இந்தக் காமிக்ஸ்கள் அந்தக் கேள்வியை முதல் எபிசோடிலேயே கேட்கின்றன. நமக்கும் இது புதிதில்லையே! 1950-லிருந்து 54 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்ததே, இன்றைக்கும் நந்தினி பக்கம் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று வீட்டுக்கு வீடு சண்டை போடுகிறோம். மந்தரை பேசிக் கெடுப்பதற்கு முன்னால் கைகேயியின் மனம் தூய்மையானது என்று கம்பரே சொல்கிறார். உங்கள் மகள் அந்த வழியில்தான் வந்திருக்கிறாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் 5 எபிசோடாவது அவளோடு சேர்ந்து படித்துப் பாருங்கள்.

கேள்வி: மறுபிறவி நம் ஊர்ச் சரக்கு. அதையே பிறத்தியார் காமிக்ஸ் போட்டு விற்கிறார்களா?
– ஒரு வாசகர், முலுண்டு

பதில்: பௌத்தம் போன இடமெல்லாம் மறுபிறவியும் போயிருக்கிறது சார், அது யாருக்கும் தனிச் சொத்து இல்லை. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு 'மணிமேகலை' ஞாபகம் வந்தது. ஓர் இளவரசன் விடாமல் துரத்துகிறான், இவள் மனமும் அவன் பக்கம் சாய்கிறது. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்டதும் முற்பிறவி தெரிந்துவிடுகிறது: அந்த உதயகுமாரன்தான் போன பிறவியில் அவள் கணவன் இராகுலன். வேற்றுருவம் எடுக்க, வானத்தில் செல்ல, பசி தாங்க என 3 மந்திரங்களும் கிடைக்கின்றன. ஊர் திரும்பியதும் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தில் அவனிடமிருந்து ஒளிகிறாள். அப்படியும், காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் தப்பாகப் புரிந்துகொண்டு உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். எவ்வளவு தெரிந்தும் வினை நடந்தே தீர்கிறது.

வித்தியாசம் இங்கேதான். நம் காப்பியத்தில் முற்பிறவி என்பது அனுபவித்தே ஆகவேண்டிய கணக்கு. கொரியக் கதைகளில் முற்பிறவி பல சமயம் சியோலில் ஒரு சின்ன அறை, ஒரு போன், பாதியில் விட்ட ஒரு நாவல்தான். கொண்டுவருவது பாவ புண்ணியம் இல்லை, தகவல். தகவல் கையில் இருந்தால் விதியை மாற்றலாம் என்று அந்தக் கதைகள் நம்புகின்றன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கேள்வி: அக்கா, நானும் நிறையப் படித்துவிட்டேன். எல்லாம் ஒரே கதை, ஒரே வெள்ளிமுடி டியூக், ஒரே டீ பார்ட்டி என்று ஃப்ரெண்ட்ஸ் கலாய்க்கிறார்கள். எனக்கும் சில சமயம் அலுப்பாக இருக்கிறது. எது நல்ல கதை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– கல்லூரி மாணவி, மாட்டுங்கா

பதில்: ஒரே கதை என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே. தெரிந்த ராகத்தை இன்றைக்கு இவர் எப்படிப் பாடுகிறார் என்று கேட்கப் போகிறோம் இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும். கேட்க வேண்டிய வேறு கேள்வி ஒன்று இருக்கிறது: பழைய நாயகியை இந்தக் கதை என்ன செய்கிறது? வில்லி நல்லவள் என்று காட்ட, அந்தப் பழைய நாயகியை நடிப்புக்காரி, கண்ணீர் விட்டே காரியம் சாதிப்பவள் என்று ஆக்கி அவளைத் தண்டித்து முடிக்கிற கதைகள் ஏராளம். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஒரு பெண்ணுக்குச் செய்த அநியாயத்தைச் சரிசெய்கிறேன் என்று ஆரம்பித்து அதே அநியாயத்தை அடுத்தவள் தலையில் கட்டுகிறார்கள். கதாரினா கதை இதில் நேர்மையானது, அங்கே நாயகி மரியாவும் அவளும் உயிர்த்தோழிகள் ஆகிறார்கள். இனோரி எழுதி 2023-ல் அனிமேயான 'ஐ'ம் இன் லவ் வித் த வில்லனெஸ்' இன்னும் ஒரு படி மேலே போய், நாயகியே வில்லியைக் காதலிக்கிறாள், பெண்ணும் பெண்ணும்.

இன்னொரு விஷயம், இது ரசிகர்களிலேயே பலருக்குத் தெரியாது. இவ்வளவு கொடிய வில்லி நிஜமான காதல் கேம்களில் அபூர்வம். இந்த வகை கேம்களுக்கு முன்னோடியான கோயி நிறுவனத்தின் 'ஆஞ்சலிக்' 1994-ல் வந்தது. அதில் நாயகிக்குப் போட்டியாக ரொசாலியா என்ற பணக்காரப் பெண் உண்டு. திமிர் உண்டு, ஆனால் கெட்டவள் இல்லை, தோழியாகவும் ஆவாள். அப்புறம் வேலைக்காரப் பெண்களைப் பார். எஜமானியின் கோபத்தைக் காட்ட மட்டும் அறை வாங்குகிறார்களா, அல்லது அவர்களுக்கும் பெயர், ஊர், ஆசை இருக்கிறதா? அந்த இடத்தில் நல்ல எழுத்து தெரிந்துவிடும்.

கேள்வி: எனக்கு 50 தாண்டிவிட்டது, ஆண். நான் படித்தால் சிரிப்பார்களோ?
– ஒரு வாசகர், தாராவி

பதில்: தாராளமாகப் படியுங்கள். 52 வயது அரசு ஊழியர் ஒருவரே வில்லியாகப் பிறக்கிற கதை ஜப்பானில் மாங்காவாக (ஜப்பானியக் காமிக்ஸ்) வந்து, 2025 ஜனவரியில் அனிமேயும் ஆனது. மிரட்ட வேண்டிய இடத்தில் எல்லாம் பெற்ற தகப்பனைப் போல மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் பூரித்துப்போகிறார். உங்களுக்குப் பிடிக்கும்.

கேள்வி: அடுத்த எபிசோடு, அடுத்த எபிசோடு என்று அதைத் திறக்க ஆப்பில் காயின் வாங்கியே சம்பளம் கரைகிறது. திருட்டுத் தளத்தில் படித்தால் என்ன?
– வேலைக்குப் போகும் பெண், அந்தேரி

பதில்: திருட்டுத் தளம் வேண்டாம். வாரா வாரம் கலரில் இத்தனை பேனல் வரைகிறவர்களின் கை வலி உங்களுக்கும் எனக்கும் தெரியாதது. காத்திருந்தால் இலவசம் என்கிற முறையை 2014-லேயே ககாவோபேஜ் என்ற கொரியத் தளம் கொண்டுவந்தது, இப்போது பல ஆப்களில் அது உண்டு. 4, 5 தொடர்களை ஒன்றாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படித்தால் தினமும் ஏதாவது ஒன்று திறந்திருக்கும். முடிந்துவிட்ட தொடராகப் பார்த்துத் தொடங்குங்கள். போனில் கார்டு விவரம் சேமித்து வைத்திருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்ட வேண்டியிருந்தால் பாதி ஆசை அடங்கும். பெனலோப்பி கதையை ஐஸ் பிரஸ் என்ற பதிப்பகம் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. ஆபீஸில் இன்னும் இரண்டு ரசிகைகள் இருந்தால் ஆளுக்கு ஒரு பாகம் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.